முதல் பிறந்தநாள் நினைவுக்கு எது: சுட்ட மண்ணா, தூளிச் சேலையா, ஆல்பமா?

பிள்ளைகளின் முதல் பிறந்தநாளுக்குக் கடையில் வாங்கியவற்றுள் எங்கள் வீட்டில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு வெள்ளிக் கிண்ணம் மட்டுமே. பேட்டரியில் ஓடிய ரயிலும், பாட்டுப் பாடிய கரடியும் அடுத்த ஆண்டு ஆயுத பூசைச் சுத்தத்திலேயே பழைய சாமான்களோடு போய்விட்டன. வீட்டில் செய்தவற்றுள் மூன்று மிஞ்சியிருக்கின்றன. ஒன்பது வயதாகும் மகளின் உள்ளங்கை பதிந்த சுட்ட மண் தகடு ஒன்று. ஆறு வயதாகும் மகன் உறங்கிய தூளிச் சேலையை மடித்துத் தைத்த போர்வை இரண்டாவது. இருவருக்கும் பொதுவான ஆல்பம் மூன்றாவது. மதுரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும், இரண்டு முறை வாடகை வீடு மாறியபோதும் இந்த மூன்றும் என்ன பாடு பட்டன என்பதை உடனிருந்து பார்த்தவள் என்ற முறையில், இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்காக அவற்றை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

போட்டியில் சேர்க்காமலே விலக்கியவை இரண்டு. முதலாவது உப்பு மாவு. இரண்டு கோப்பை மைதா, ஒரு கோப்பை உப்பு, ஒரு கோப்பை தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, கைத்தடம் பதித்து, மிதமான சூட்டில் உலர்த்துவது. செய்வதற்கு இதைவிட எளியது இல்லை. ஆனால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாங்கள் முதலில் செய்த தகடு வடகிழக்குப் பருவமழை தொடங்கிய இரண்டாவது வாரத்தில் வியர்த்து, விரல் நுனிகள் குழைந்து, பின்பக்கத்தில் வண்டு வைத்துவிட்டது. பச்சை மாவில் உப்பு மிகுதி என்பதால், கண்டதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையின் அருகே அதை வைத்திருப்பதும் நல்லதல்ல. இரண்டாவது பாரிஸ் சாந்து, அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அது இறுகும்போது சூடேறும். பெரிய அளவில் குழைத்தால் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் அளவுக்கு ஏறும். ஆகவே ஈரக் களிமண்ணிலோ ஈர மணலிலோ குழந்தையின் கையைப் பதித்து எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் சாந்தை ஊற்றலாமே தவிர, சாந்துக்குள் கையை வைக்கவே கூடாது. அப்படி ஊற்றி எடுத்தாலும் அது நனைந்தால் வலுவிழக்கும், கீழே விழுந்தால் உடையும். களிமண்ணை எப்படியும் பிசையத்தான் வேண்டும் என்றால், அந்தக் களிமண்ணையே சுட்டு வைத்துக்கொள்வது மேல் என்பது என் முடிவு.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மதுரைக்காரர்களுக்கு இதில் பிற ஊரார்க்கு இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. திருப்பரங்குன்றத்துக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் நவராத்திரிக் கொலுப் பொம்மைகளும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்டு வருகின்றன. கடத்துக்குப் பெயர்பெற்ற மானாமதுரையும் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பதப்படுத்திய களிமண்ணும், சுட்டுத் தருவதற்குச் சூளையும் எட்டும் தொலைவில் இருக்கும்போது, இணையத்தில் விற்கும் கைத்தடப் பெட்டிகளுக்குப் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்றாலும் முதல் முயற்சி கெட்டது என் அவசரத்தால். சித்திரை மாதத்தில் மகளின் கையைப் பதித்த தகட்டை, சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். மாலைக்குள் கட்டைவிரலின் குறுக்கே விரிசல் ஓடிவிட்டது. மேற்பரப்பு வேகமாக உலர்ந்து சுருங்க, உட்பகுதி ஈரமாகவே இருந்ததுதான் காரணம். இரண்டாவது தகட்டை ஒரு விரற்கடைக்குச் சற்றுக் குறைவான கனத்தில் தட்டி, ஓரங்களில் ஈரத்துணி சுற்றி, நிழலில் நாளுக்கொரு முறை திருப்பிப் போட்டு, பத்து நாள் உலரவிட்டேன். பிறகு விளாச்சேரியில் பொம்மை செய்யும் ஒரு மூதாட்டியிடம் கொண்டுபோனபோது, அவர் தகட்டை வாங்கித் தம் கன்னத்தில் ஒரு கணம் ஒற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் குளிர்ச்சி இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். "ஈரத்தோட சூளைக்குள்ள வச்சா வெடிச்சிரும் தாயி. இது மட்டும் போகாது, பக்கத்துல இருக்கிற பொம்மையையும் சேத்துக் கெடுத்துரும்" என்றார். இன்னும் நான்கு நாள் கழித்துத்தான் சூளையில் சேர்த்துக்கொண்டார்.

குழந்தையின் கையைப் பதிப்பதும் நினைப்பது போல் எளிதன்று. உள்ளங்கையில் எதுவும் பட்டால் பற்றிக்கொள்வது கைக்குழந்தையின் இயல்பு. குளிர்ந்த களிமண் பட்ட மறுகணம் என் மகள் அதைப் பிடுங்கி வாய்க்குக் கொண்டுபோனாள். உறங்கும்போது, கையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, மணிக்கட்டிலிருந்து தொடங்கி விரல் நுனி வரை ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்த தடமே தெளிவாக விழுந்தது. அதற்கும் பொறுமையில்லாதவர்கள் பாதத்தைப் பதிக்கலாம். பாதம் முரண்டு பிடிப்பது குறைவு. கிருஷ்ண ஜெயந்தியன்று வாசலிலிருந்து பூசையறை வரை மாக்கோலத்தில் கண்ணன் பாதம் பதித்துப் பழகிய வீடுகளுக்கு அதில் ஒரு கூடுதல் பொருத்தமும் உண்டு.

இன்னொன்றையும் முன்பே அறிந்திருக்க வேண்டும். களிமண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும். இதைச் சோதிப்பதற்காகத் தகட்டின் பின்புறம் தென்னை ஈர்க்கால் 10 செ.மீ. நீளக் கோடு ஒன்று கிழித்திருந்தேன். சூளையிலிருந்து வந்ததும் அளந்தால் 9.2 செ.மீ. இருந்தது. எனவே நம் கையில் இருப்பது குழந்தையின் கையளவு அன்று, அதைவிடக் கொஞ்சம் சிறியது. மாட்டுவதற்கான துளையும் அதே விகிதத்தில் சிறுத்துவிடும் என்பதால் அதைப் பெரிதாகவே இட வேண்டும். நிறமும் நம் விருப்பப்படி அமையாது. எங்கள் தகட்டில் சுண்டுவிரல் பக்கம் புகை படிந்து கறுத்திருக்கிறது. மகளுக்கு அந்தக் கறுப்புதான் பிடித்திருக்கிறது.

போர்வைக்கு வருவோம். மகனுக்குத் தூளி கட்டியது என் தாயாரின் அரக்கு நிறச் சுங்குடிச் சேலையில். மதுரைச் சௌராஷ்டிர மக்களின் கைவேலையான சுங்குடிக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து, காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும் முறை அது. இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி மெழுகு அச்சோ திரை அச்சோதான். புள்ளிகள் ஒன்று போல் ஒன்று அச்செடுத்தாற்போல் இருந்தால் கைமுடிச்சு இல்லை என்று கொள்ளலாம். தூளிக்கும் போர்வைக்கும் எதுவானாலும் தகும், பருத்தியாக இருந்தால் போதும். பழகிப் பழகி மெலிந்து மெத்தென்றான சேலையே இதற்கு ஏற்றது. புதுச் சேலையைப் பயன்படுத்துவோர் இரண்டு மூன்று முறையாவது தனியே துவைத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லையேல் அதன் சாயம் உடன் வைத்துத் தைக்கும் வெள்ளைத் துணியில் இறங்கிவிடும்.

தூளியாகக் கட்டிய சேலையில் கயிறு இறுக்கிய இரு முனைகளும் நைந்திருக்கும். அரை அரை மீட்டரை இரு பக்கமும் கழித்துவிட்டு, மிச்சத்தை ஒரு மீட்டர்த் துண்டுகள் நான்காக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு விரல் இடைவெளியில் வரிவரியாக ஓட்டுத்தையல் போட்டேன். மூன்று வார இரவுகள் ஆயின. என் தையல் வரிகள் பாதி வழியில் கோணிக்கொண்டு போயிருப்பதை இன்றும் பார்க்கலாம். ஓரம் மட்டும், புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய தையற்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பட்டை வைத்து வாங்கினேன்.

போர்வையில் அழகுக்காகப் பொத்தான், மணி, சலங்கை எதையும் தைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். ஏறத்தாழ 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும் என்பதே பொம்மைகளைச் சோதிப்பதற்கான அளவுகோல். ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் தளர்ந்த போர்வையே கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. முதல் பிறந்தநாளுக்குப் பிறகே அது பயன்பாட்டுக்கு வருவதால் இந்த வகையில் காலம் பொருந்தியிருக்கிறது.

ஆல்பத்தைப் பற்றி எனக்குக் குறை மிகுதி. மூன்றிலும் அதிகம் செலவானது அதற்குத்தான். மூன்றிலும் வேகமாகக் கெட்டதும் அதுதான். அழகர்கோவிலில் முடி இறக்கியபோதும், மாமன் மடியில் வைத்துக் காது குத்தியபோதும் எடுத்த படங்களை ஒரு கடையில் மலிவான இங்க்ஜெட் தாளில் அச்சிட்டு வாங்கினோம். கூடத்துச் சுவரில் சட்டமிட்டு மாட்டிய படம் மூன்று கோடைக்குள் வெளிறி, மகளின் பட்டுப்பாவாடை எந்த நிறம் என்றே சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிய படங்கள் மஞ்சள் பூத்தன. ராமபாணப் பூச்சி ஒரு பக்கத்தின் மூலையைச் சல்லடையாக்கியது. ஆய்வகத்தில் புகைப்படத் தாளில் எடுத்த பிரதிகளும், பசையின்றி மூலைகளில் செருகும் ஆல்பமும் நெடுநாள் உழைக்கும் என்பதை இவ்வளவு பட்ட பிறகே கற்றேன். இப்போது அலமாரியில் வசம்புத் துண்டு போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளை மருந்து என்று வீட்டில் எப்போதும் இருப்பதுதானே.

ஆயினும் மற்ற இரண்டாலும் முடியாத ஒன்று ஆல்பத்தால் முடியும். அது சொற்களைத் தாங்கும். மகள் இட்லியை "இத்தி" என்று சொன்னதும், மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு பேருந்துக்கும் கும்பிடு போட்டதும் தேதியோடு அதில் இருக்கின்றன. மண் தகட்டில் பெயரும் தேதியும் தவிர வேறு எழுத இடமில்லை. ஆல்பத்தில் எழுதியவற்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியவை மங்கிவிட்டன. பென்சிலால் எழுதியவை அப்படியே இருக்கின்றன. ஆகவே ஆல்பத்தில் படங்களைப் பாதியாகக் குறைத்து, எழுத்தை இரட்டிப்பாக்கினால் அதன் தரம் உயரும் என்று தோன்றுகிறது. படங்களின் மின்பிரதிகள் எப்படியும் கைப்பேசியில் இருக்கும். 'இத்தி' வேறெங்கும் இருக்காது.

செலவு குறைவு என்பதில் மண்ணுக்கே முதலிடம். உழைப்பு அதிகம் கேட்பது போர்வை. இடமாற்றத்தைத் தாங்குவதில் போர்வைக்கு நிகரில்லை; வீடு மாறியபோது மண் தகட்டைச் சுற்றி எடுத்துச் சென்றதே அந்தப் போர்வையில்தான். ஏறக்குறைய 400 கிராம் எடையுள்ள தகடு சிமெண்டுத் தரையில் விழுந்தால் அன்றோடு சரி, ஆனால் கரையானும் ராமபாணமும் வெயிலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. போர்வை நேர்மாறானது: உடையாது, தேய்ந்துகொண்டே வரும். நடுப்பகுதியில் இரண்டு இடங்களில் கிழிந்து, மேலே ஒட்டுப் போட்டிருக்கிறேன்.

எனினும் என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது ஆயுள் அன்று, அந்தப் பொருள் யாருக்கு நினைவுப்பொருள் என்பதே. ஆல்பத்தைத் திறப்பவர்கள் விருந்தினர் வரும்போது நாங்கள்தாம். போர்வையை மகன் நினைவுப்பொருள் என்று கருதுவதே இல்லை. அது அவனுடைய போர்வை, அவ்வளவுதான், காய்ச்சல் வந்தால் வேறெதையும் போர்த்த விடமாட்டான். தகடு இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, பிறந்தநாளன்று, மகள் அதைச் சுவரிலிருந்து எடுக்கச் சொல்லித் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்க்கிறாள். இப்போது நடுவிரல் தகட்டின் விளிம்பைத் தாண்டிவிட்டது. எனவே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்பவர்களுக்குப் போர்வையையும், பிள்ளை வளர்ந்தபின் தானே தேடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புவோர்க்கு மண்ணையும் பரிந்துரைக்கிறேன். ஆல்பத்தை இவற்றுக்குத் துணையாக, ஒரு நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதி வைத்தாலே போதும்.

வரும் தை மாதம் என் தம்பி மகனுக்கு ஒரு வயது நிறைகிறது. நவராத்திரி முடிந்து சூளைகளில் நெருக்கடி குறைந்திருக்கும் காலம் அது. ஆனால் மார்கழிப் பனியில் மண் உலர இரண்டு வாரத்துக்கு மேலாகும் என்பதால், கார்த்திகைக் கடைசியிலேயே கையைப் பதித்துவிடும்படி தம்பியின் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். போர்வையும் வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை. பையன் இன்னும் தூளியில்தான் உறங்குகிறான், இறக்கிவிட்டால் வீடு இரண்டுபடும். அந்தச் சேலையை அவன் விட்டுக்கொடுத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.