முன்கட்டை ஸ்க்ரூவை முதலில் பாருங்கள்: மரக்கட்டை ஏர் ரைபிள், நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

மெயின் ஸ்பிரிங்கும், காற்றை அழுத்தும் பிஸ்டனின் சீலும் மாற்றி என் மரக்கட்டை ஏர் ரைபிள் சர்வீஸிலிருந்து திரும்பியிருக்கிறது. சரியாக இதே நேரத்தில் தண்டையார்பேட்டை நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, அதே மாடல் வாங்கலாம்னு இருக்கேன். குறி நிக்குமா?" .177 (4.5 மி.மீ. ஈயக் குண்டு, அதாவது பெல்லட்), பிரேக் பேரல் (பேரலையே மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகை), நம் நாட்டுத் தயாரிப்பு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். அதனால் நேராகவே சொல்கிறேன். குறி நிற்கும், ஸ்க்ரூ நிற்காது.

ஸ்பிரிங் ரைபிளின் உதைப்பு இரண்டு பக்கமும் அடிக்கும். டிரிகர் விழுந்ததும் பிஸ்டன் முன்னே பாய்கிறது, ரைபிள் பின்னே நகர்கிறது. பிஸ்டன் காற்றை அழுத்தி முனையில் நிற்கும்போது ரைபிள் முன்னே இழுக்கிறது. பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் சுடும் 10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகள் அடைத்து வைத்த காற்றில் இயங்குபவை, அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. நம் ரைபிளில் ஒவ்வொரு சுடலும் முன்கட்டையின் (முன்னால் கை தாங்கும் பகுதி) இரண்டு பக்க ஸ்க்ரூவையும் டிரிகர் கார்டின் இரண்டு ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் கழற்றுகிறது.

மரக்கட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து ஊதும். அப்போது இறுக்கிய ஸ்க்ரூ மரத்தை நசுக்குகிறது. சித்திரை வெயிலில் மரம் சுருங்கியதும் அதே ஸ்க்ரூ சும்மா நிற்கிறது. மறுபடி இறுக்கினால் மறுபடி நசுங்கும், ஓட்டை நீள்வட்டமாகும். உலோகக் குழல் ஒன்றை ஓட்டைக்குள் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வராது. சில ரூபாய்ச் சாமானை மிச்சம் பிடித்து ஒரு நல்ல பேரலின் பெயரைக் கெடுத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஸ்க்ரூ தளர்ந்தால் என்ன தெரியும்? 10 மீட்டரில் 10, 12 மி.மீ.க்குள் விழுந்த ஐந்து பெல்லட் குரூப் 25, 30 மி.மீ. ஆகப் பிரியும். பெரும்பாலும் மேலும் கீழுமாக, சில நேரம் இரண்டு தனிக் கொத்தாக. ஆட்கள் உடனே ஸ்கோப்பைத் திருப்ப ஆரம்பிப்பார்கள், பெல்லட்டை மாற்றுவார்கள், கடைசியில் ஸ்பிரிங் போச்சு என்பார்கள். ஸ்கோப்பைத் தொடுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் கட்டை ஸ்க்ரூ நான்கும். அடுத்து ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்ட் ரெயிலில் பின்னோக்கி நகர்ந்திருக்கிறதா என்று. ரெயிலில் பென்சில் கோடு போட்டு வைத்தால் உடனே தெரியும். மூன்றாவது, பேரல் கீலில் பக்கவாட்டு ஆட்டம். நான்காவது, பேரல் மூடும் இடத்து ரப்பர் வளையமான வாய்ச் சீல்: மூடிய பேரல் இணைப்பின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வைத்து பெல்லட் போட்டுச் சுடுங்கள். பேப்பர் பறந்தால் காற்று கசிகிறது, ஓ-ரிங் மாற்ற வேண்டும்.

ஸ்க்ரூவுக்கு நிரந்தர வைத்தியம் இது. நான்கையும் கழற்றி, ஸ்க்ரூ மரையிலும் உள் மரையிலும் உள்ள எண்ணெயை அசிட்டோனில் நன்றாகத் துடைக்கவும். எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது. மரத்து ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, கட்டையின் கனத்துக்குச் சரியாக வெட்டிய அலுமினியக் குழலை அரால்டைட் வைத்து உள்ளே நிறுத்தி ஒரு நாள் காய விடவும். பிறகு ஸ்க்ரூ தலைக்கு அடியில் பல் வாஷர், மரையில் ஒரே ஒரு சொட்டு நீல நிற லாக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை). சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும். இடது வலது மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒரு நாள் சுடாமல் வைக்கவும். சாமான் எல்லாம் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு இந்த பேரல் காட்டும் துல்லியம் மனசுக்கு நிறைவாக இருக்கும். இந்த விலைக்கு எதிர்பார்க்கவே முடியாதது. ஆனால் அதற்கு பெல்லட்டும் ஒத்துழைக்க வேண்டும். வெடிமருந்து ரைபிள் வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வீட்டிலேயே தோட்டா நிரப்பித் துல்லியம் தேடுவார்கள். இங்கே லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். நம் கையில் இருப்பது பெல்லட்டைத் தரம் பிரிக்கும் வேலை. சௌகார்பேட்டையில் 0.001 கிராம் காட்டும் நகைத் தராசு வாங்கி எடை போடுகிறார்கள். தவறில்லை, ஆனால் 10 மீட்டரில் அதன் பலன் குறைவு. நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பெல்லட் அந்தத் தூரத்தில் சுமார் 12 மி.மீ. இறங்கும். எடை 2 சதவீதம் மாறினால் அந்த இறக்கம் கால் மி.மீ. அளவுக்குத்தான் மாறும். அதைவிட முக்கியம் பின்பாவாடை, அதாவது பெல்லட்டின் விரிந்த பின்பகுதி. விளிம்பு நெளிந்த பெல்லட்டைத் தயங்காமல் ஒதுக்குங்கள். அடுத்தது தலை அளவு: 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று வரும் டின்களில் உங்கள் பேரலுக்கு எது இறுக்கம் சரி என்று சுட்டுப் பார்த்துத்தான் தெரியும். டின்னைக் கீழே போட்டால் அந்த டின் பயிற்சிக்கு மட்டும்.

பிடிக்கும் விதமும் முக்கியம். முன்கட்டையை உள்ளங்கையில் சும்மா கிடத்துங்கள், விரலால் பற்ற வேண்டாம். ஒவ்வொரு முறையும் கை அதே இடத்தில் இருக்க வேண்டும்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக் காற்றில் இந்த ரைபிளின் கறுப்புப் பூச்சு தாங்காது. சுட்டு முடித்ததும் வியர்வை பட்ட இடமெல்லாம் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். ஸ்பாஞ்ச் வைத்த பையில் மாதக்கணக்கில் வைத்தால் அந்த ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு துரு ஏற்றும். பேரலைச் சுத்தம் செய்ய இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். காசிமேட்டுத் தூண்டில் நரம்பை இரண்டாக மடித்து, மடிப்பில் துணித் துண்டைக் கோத்து, பெல்லட் போடும் பக்கத்திலிருந்து முனைப் பக்கம் இழுங்கள். பிஸ்டன் அழுத்தும் காற்று பேரலுக்குப் போகும் துளைக்குள் எண்ணெய் விடாதீர்கள். அழுத்தத்தில் அது தீப்பற்றி வெடிச்சத்தமும் புகையும் வரும், சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போகும். பெல்லட் இல்லாமல் சுடுவதும் அதே கேடு.

மொட்டை மாடியில் சுடாதீர்கள். வண்ணாரப்பேட்டை மாதிரி வீடுகள் ஒட்டி நிற்கும் இடத்தில் ஒரு பெல்லட் தவறினாலும் யார் கண்ணிலாவது பாயும். வீட்டுக்குள் நீள நடை இருந்தால், கதவைப் பூட்டிவிட்டு, பழந்துணி இறுக அடைத்த கனமான பெட்டியும் பின்னால் இரும்புத் தகடும் வைத்துச் சுடலாம். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு.

தண்டையார்பேட்டை நண்பருக்கு என் பதில்: மரக்கட்டை மாடல் வேண்டாம். பேரலும் டிரிகரும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாங்கியவனே குழல் வெட்டிப் பொருத்தினால்தான் குறி நிற்கும் என்றால் அந்த விலை அதிகம். அதே இயந்திரம் சிந்தெடிக் (பிளாஸ்டிக்) கட்டையில் வருகிறது. அதை எடுங்கள், எடுக்கும்போது கடையிலேயே நான்கு ஸ்க்ரூவையும் ஆலன் கீ வைத்துத் திருகிப் பாருங்கள்.