"புதியவர்களுக்கான அல்ட்ரா ஓட்டம்" என்று காசு கேட்கிறார்கள், கவனம்

யாழ்ப்பாணத்தில் இன்னொரு ஆறு மணித்தியால அல்ட்ரா ஓட்டத்துக்கு விளம்பரம் வந்திருக்கிறது. போன தடவை நடத்திய அதே ஆட்கள், அதே வாசகம்: "முதல் தடவை ஓடுபவர்களுக்கு ஏற்றது, பாதுகாப்பான குறுகிய சுற்று." போன தடவை ஓடியவள் என்ற முறையில் சொல்கிறேன், காசு கட்டுவதற்கு முதல் இதை முழுதாக வாசியுங்கள்.

இந்த வகை ஓட்டத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 42.195 கிலோமீற்றர் என்ற மரதன் தூரத்தைத் தாண்டினால் அது அல்ட்ரா. அதைத் தொட நினைக்கிற புதியவருக்குச் சிறிய வட்டத்தைப் போல நல்ல வழி வேறில்லை. ஒன்றிரண்டு கிலோமீற்றர் சுற்றையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறீர்கள். நேரம் முடியும்போது யார் எவ்வளவு தூரம் போனார் என்பதுதான் கணக்கு. நடக்கலாம், இருக்கலாம், போதும் என்றால் நிறுத்தலாம். ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் மேசை வரும், வீட்டு ஆட்களின் முகம் வரும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். விடியக் காலையில் தனியாக வீதியில் ஓடினால் கட்டாக்காலி நாய்களுக்கும் பயப்பட வேண்டும், பார்வைகளையும் தாங்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு வட்டத்தில் நிம்மதியாக ஓடலாம் என்றுதான் எங்களில் பலர் பதிந்தோம். ஒரு ஆளுக்கு 6,500 ரூபா.

கோட்டை தெரிகிற மாதிரி, முற்றவெளிப் பக்கம் வட்டம் போட்டிருந்தார்கள். காலை 4.30க்குத் தொடக்கம் என்று படிவத்தில் இருந்தது. சித்திரை வெயிலுக்கு அது சரியான நேரம், 10.30க்கு முடித்துவிடலாம். ஆனால் பிரதம விருந்தினர் வந்து, மங்கள விளக்கேற்றி, உரைகள் முடிந்து எங்களை விட்டபோது 6.10. அதாவது, ஆறு மணித்தியாலம் ஓடுவதென்றால் உச்சி வெயில் வரைக்கும். பண்ணைக் கடல் பக்கத்துக் காற்று எட்டு மணிவரை உதவியது. அதற்குப் பிறகு காற்றும் சூடு.

சுற்றுக் கணக்குக்குக் காலில் கட்டும் சிப் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே இருந்தது ஒரு கொப்பியும் இரண்டு பள்ளிக்கூடப் பொடியன்களும். பிள்ளைகளில் பிழையில்லை. நாலைந்து பேர் ஒன்றாகக் கடக்கும்போது எந்த மனிதனாலும் இலக்கம் பார்த்து எழுத முடியாது. எனக்கு விடுபட்ட சுற்றுகளைப் பற்றிக் கேட்டபோது, "நான் போட்டிட்டன்தானே அக்கா" என்று அழுகிற மாதிரி நின்றான் ஒருவன்.

வட்டம் 2 கிலோமீற்றர் என்றார்கள். ஓடியவர்களின் கைக்கடிகாரங்கள் எல்லாம் குறைவாகவே காட்டின. சிறு வட்டத்தில் ஜிபிஎஸ் வளைவுகளை வெட்டிவிடும், அதனால் அதை மட்டும் நம்பவில்லை. எங்களோடு ஓடிய நில அளவையாளர் ஒருவர் அடுத்த நாள் அளவைச் சில்லை உருட்டிப் பார்த்தார். 1,700 மீற்றருக்குக் கிட்ட. இது சின்னப் பிழை இல்லை, சுற்றுக்குச் சுற்று பெருகுகிற பிழை. கோப்பாயிலிருந்து வந்த ஒரு அண்ணை 25 சுற்று முடித்து, 50 கிலோமீற்றர் ஓடிவிட்டேன் என்று மனைவிக்குப் போன் எடுத்தார். உண்மையில் அவர் ஓடியது 42.5. மரதனை 300 மீற்றர்தான் தாண்டியிருக்கிறார். 2022 இல் இத்தாலியின் வெரோனாவில் லித்துவேனிய ஓட்டவீரர் அலெக்சாண்டர் சொரோகின் 24 மணித்தியாலத்தில் 319.614 கிலோமீற்றர் ஓடினார். கடைசி மீற்றர் வரை அப்படிச் சொல்ல முடிவது, வட்டத்தை முறையாக அளந்து, முடியாத கடைசிச் சுற்றையும் அளப்பதால்தான். எங்கள் ஊரில் அவ்வளவு கேட்கவில்லை. ஒரு சைக்கிள் சில்லில் சோக்கால் கோடு போட்டு, எத்தனை தரம் சுழல்கிறது என்று எண்ணியிருந்தாலே போதும்.

ஒன்பது மணிக்குத் தண்ணீர் முடிந்தது. அதுவரைக்கும் வெறும் தண்ணீர்தான். ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்) இல்லை, மோர் இல்லை, உப்புப் போட்ட ஒன்றுமே இல்லை. "நல்லாக் குடியுங்கோ, குடியுங்கோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மணிக்கணக்காக வியர்த்தவர் அளவுக்கு மிஞ்சி வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். தலையிடி, வாந்தி, கடைசியில் வலிப்பு வரைக்கும் போகும். 2002 பொஸ்டன் மரதனில் ஒரு பெண் அப்படி இறந்தார். தாகத்துக்குக் குடிப்பதும் இடையிடையே உப்புச் சேர்ப்பதும் புதியவருக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே அந்த மேசை?

பத்து மணிக்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்பவும் கோபம் வருகிறது. வவுனியாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி தள்ளாடத் தொடங்கினாள். பெயர் கேட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ கதைத்தாள். வெயிலில் ஓடுகிறவர் இப்படிக் குழம்பிக் கதைத்தால் அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும், அரை மணித்தியாலத்துக்குள் குளிர்விக்க வேண்டும். படிவத்தில் "வைத்தியக் குழு" என்று போட்டிருந்தது. கூடாரத்தில் ஒரு முதலுதவிப் பெட்டி மட்டும் இருந்தது, ஆள் இல்லை. நாங்களே அவளை நிழலில் கிடத்தி, 1990 இலக்கத்துக்கு அம்புலன்ஸ் கேட்டு எடுத்தோம். ஒருவர் மோட்டார்சைக்கிளில் பறந்துபோய் ஒரு மீன் வியாபாரியிடம் பெட்டி ஐஸ் வாங்கி வந்தார். கழுத்து, கக்கம், தொடை எல்லாம் ஐஸ் வைத்து, தண்ணீர் ஊற்றி விசிறினோம். அம்புலன்ஸ் வந்தபோது தன் பெயரைச் சொன்னாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நலமாக வீடு போனாள். ஏற்பாட்டாளர்களில் ஒருவர்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

11.30க்கு "வெயில் கூடிப்போச்சு" என்று ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். எல்லாச் சான்றிதழிலும் "50 கி.மீ அல்ட்ரா மரதன் வீரர்" என்று முதலே அச்சடித்திருந்தது. பத்துச் சுற்றோடு நின்றவருக்கும் அதே தாள். அந்தக் கோப்பாய் அண்ணைக்கும் அதே தாள். முழங்கால் வலியோடு அவர் ஓடி எடுத்ததை இதைவிட மோசமாக அவமதிக்க முடியாது.

காசைக் கேட்டேன். "திருப்பித் தர மாட்டோம் என்று படிவத்தில இருக்கு, அக்கா" என்றார்கள். படிவத்தில் சிப்பும் வைத்தியரும் 4.30உம்கூடத்தான் இருந்தன. அதைக் குழுவில் எழுதியதும் என்னை நீக்கிவிட்டார்கள்.

புதிய விளம்பரத்திலும் வட்டத்தை யார் அளந்தார் என்று இல்லை, வைத்தியர் பெயர் இல்லை. இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். சுற்றுக் கணக்கு எப்படி எடுப்பார்கள், மேசையில் என்ன இருக்கும், விருந்தினர் பிந்தினாலும் ஓட்டம் நேரத்துக்குத் தொடங்குமா என்பதையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் காசு அனுப்பாதீர்கள்.

போன தடவை ஓடியவர்கள் பற்றுச்சீட்டையும் படிவத்தின் படத்தையும் அழிக்க வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு நான் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். சேர்ந்து கொடுக்க விரும்புகிறவர்கள் இந்தப் பதிவின் கீழ் ஒரு வார்த்தை எழுதுங்கள், நான் தொடர்பு கொள்கிறேன்.