வாசிகசாலைக் காணி யார் பெயரில் இருக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் எங்கள் வாசிகசாலை நிற்கும் இரண்டு பரப்புக் காணியும் ஊர்ப் பணத்தில் வாங்கியவை. காணி உறுதிப் பத்திரத்தில் இருந்ததோ ஐந்து பேரின் பெயர். நல்ல மனிதர்கள், ஒரு சதம் எடுத்தவர்கள் இல்லை. கூரைமரம் இற்று, ஓடு மாற்ற வெளிக்கிட்டபோது இருவர்தான் உயிரோடு இருந்தார்கள். மற்ற மூவரின் பிள்ளைகள் கனடா, லண்டன், கொழும்பு என்று பதினொரு பேர்.

ஆட்களின் கூட்டுப் பெயர், தர்மகர்த்தா சபை (காணியைத் தங்களுக்காக அல்லாமல் ஒரு நோக்கத்துக்காகப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள்), கூட்டுறவுச் சங்கம் என்று மூன்று வழியையும் பார்த்து, கடைசியில் கூட்டுறவுக்கு மாறினோம்.

கூட்டுப் பெயர் சுலபம், ஒரு பின்னேரத்தில் நொத்தாரிசிடம் முடிந்துவிடும். ஆனால் உறுதியில் வேறொன்றும் எழுதாவிட்டால் அது ஐவரின் பிரிபடாத பங்கு, அதாவது எல்லை பிரிக்காமல் முழுக் காணியிலும் ஆளுக்கொரு பங்கு. ஒருவர் கண்ணை மூடினால் பங்கு பிள்ளைகளுக்குப் போகும். அவர்களில் எவரும் காணியைப் பிரித்துத் தரும்படி 1977ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம்.

தர்மகர்த்தா சபையைக் குறை சொல்ல மாட்டேன். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் அதற்கு இருக்கிறது. தனியொருவர் தன் காணியை "வாசிகசாலைக்கு மட்டும்" என்று கொடுக்கிறாரென்றால் அதுதான் பொருத்தம், அவர் விருப்பம் உறுதியிலேயே நிற்கும். எங்கள் காணியோ பலர் காசு போட்டு வாங்கியது. தர்மகர்த்தாக்களை மாற்றும் முறையைச் சரியாக எழுதாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் வரை போகவேண்டி வரலாம்.

கூட்டுறவில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்றே ஒன்று: பதிவுசெய்த சங்கம் சட்டப்படி தனி ஆள். காணி அதன் பெயரில் இருக்கும், அதற்குச் சாவில்லை. அங்கத்தவர் இறந்தால் அவர் போட்ட பங்குப்பணம் அவர் நியமித்தவருக்குப் போகும், காணியில் ஒரு குழிகூட அசையாது. எவ்வளவு பங்கு எடுத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. மூளாயில் 1936இலேயே கூட்டுறவு முறையில் வைத்தியசாலை தொடங்கிய மண் இது, ஒரு வாசிகசாலை பெரிய காரியமா என்றுதான் கேட்டேன்.

காணியைச் சங்கத்தின் பெயருக்கு மாற்ற, அந்தப் பதினொரு பேரிடமும் கையெழுத்து வாங்க ஒன்றரை வருடம் போனது. ரொறன்ரோவில் இருந்த ஒரு தங்கச்சி, "அப்பா இதைத் தன்ர காணி எண்டு ஒருநாளும் சொன்னதில்லை அண்ணா" என்று சொல்லி, தனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணிப் பத்திரத்தை அடுத்த கிழமையே அனுப்பிவிட்டாள். இன்னொருவர் எட்டு மாதம் பதிலே போடவில்லை.

சங்கத்துக்கும் சுமை உண்டு. கணக்காய்வு, பொதுக்கூட்டம், அறிக்கை எதையும் தள்ளிப்போட முடியாது. விசாரணைக்குப் பிறகு நிர்வாகக் குழுவைக் கலைக்கும் அதிகாரமும் கூட்டுறவுத் திணைக்களத்துக்கு இருக்கிறது. ஊரில் சில பெரியவர்களுக்கு இன்னும் அது பிடிக்கவில்லை, அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. எங்களுக்கு மூன்று வருட அனுபவம்தான். பெரிய பிணக்கு ஒன்று வந்தால் எப்படி நிற்கும் என்று இப்போது சொல்ல வரமாட்டேன்.

ஓடு மாற்றிய பற்றுச்சீட்டுகளைப் போன பொதுக்கூட்டத்தில் ஒவ்வொன்றாக வாசித்தோம். ஆணி வாங்கிய கணக்கைக்கூட ஒரு அம்மா மறித்துக் கேட்டார். பொருளாளர் கொப்பியைத் திருப்பிக் காட்டினார்.