ஏபிஐ தண்ணீர் சோதனைப் பெட்டி: மலையகத்தில் மீன் வளர்ப்பவர்கள் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கூடவே கேஎச் (தண்ணீரில் இருக்கும் கார்பனேட்டின் அளவு) பார்க்கும் போத்தலையும் தனியாக வாங்குங்கள். அது இந்தப் பெட்டிக்குள் வராது, நம்ம பக்கத்துத் தண்ணீருக்கு அதுதான் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

நாங்கள் கொட்டகலையில் இருக்கிறோம். இரண்டடி தொட்டி, 50 லிட்டர் பிடிக்கும், கப்பியும் பிளாட்டியும் வளர்க்கிறோம். மார்ச்சில் இருந்து ஜூலை வரை 23 மீன் செத்தது. பீலியில் இருந்து குழாய் போட்டு வரும் தண்ணீர், குளோரின் கிடையாது, அப்படியும் ஒரு ராத்திரி வாளியில் பிடித்து வைத்துத்தான் ஊற்றுவேன், அதனால் தண்ணீரில் குறை இருக்கும் என்று நினைக்கவே இல்லை. மீனின் உடம்பில் வெள்ளைப் புள்ளி இல்லை, வால் அழுகவில்லை, வாயில் பஞ்சு பிடிக்கவில்லை. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவந்து கிடக்கும், விடிந்தால் செத்திருக்கும்.

மீன் வாங்கிய கடையில் முதலில் நீல மருந்து கொடுத்தார்கள், அப்புறம் மஞ்சள் மருந்து, அதற்கும் நிற்கவில்லை என்றதும் "தொட்டியை நல்லா கழுவிப் போடுங்க தம்பி" என்றார்கள். கழுவினேன். பில்டர் ஸ்பொஞ்சையும் குழாயடியில் வெள்ளையாகும் வரை பிழிந்தேன். என் மகள் ஒவ்வொரு மீன் செத்த நாளையும் கலண்டரில் குறித்து வைத்திருந்தாள், நான் தண்ணீர் மாற்றும் நாளும் அதே கலண்டரில்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவள் அவள்தான். "அப்பா, நீங்க கழுவின மறுநாள்தான் சாகுது." அந்த வாரமே கொழும்பில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி, இந்தப் பெட்டியை பஸ்ஸில் வரவழைத்தேன். விலை அதிகம்தான். ஐந்து மாதமாக மீனுக்கும் மருந்துக்கும் போன காசைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் மனம் வந்தது.

பெட்டியில் ஏழு சின்னப் போத்தல், மூடியோடு கண்ணாடிக் குழாய்கள், ஒரு நிற அட்டை. பிஎச் (தண்ணீரின் புளிப்பைக் காட்டும் எண், குறைந்தால் புளிப்பு அதிகம்), அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் பார்க்கலாம். குழாயில் 5 மில்லி லிட்டர் கோடு வரை தண்ணீர் எடுத்து, சொன்ன அளவு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து நிறத்தை ஒத்துப் பார்க்க வேண்டும். பிஎச் மட்டும் உடனே தெரியும். நைட்ரேட்டில் கவனம் வேண்டும். இரண்டாவது போத்தலை அரை நிமிடம் பலமாகக் குலுக்கி, சொட்டு விட்ட பிறகு குழாயையும் ஒரு முழு நிமிடம் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற நைட்ரேட்டைக் குறைத்துக் காட்டும். நிறத்தை பல்ப் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், அமோனியாவின் மஞ்சளும் பச்சையும் குழம்பிவிடும். எங்கள் வீட்டில் மூடுபனி விலகும் பத்து மணிக்கு மேல் ஜன்னலடியில்தான் பார்ப்பேன்.

முதல் நாள் வந்தது இதுதான்: பிஎச் 6.0, அமோனியா 4, நைட்ரைட் 0, நைட்ரேட் 0. பிஎச் அட்டையில் 6.0க்குக் கீழே நிறமே கிடையாது, உண்மையில் அதற்கும் கீழே போயிருக்கலாம். ராத்திரி முழுக்க வாளியில் இருந்த தண்ணீரோ 7.4.

மீன் விடும் அமோனியாவை ஸ்பொஞ்சில் இருக்கும் பக்டீரியா நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். அந்த வேலை நடக்க நடக்க தண்ணீரில் இருக்கும் கார்பனேட் தீர்ந்துகொண்டே போகும். யாழ்ப்பாணத்துக் கிணற்றில் சுண்ணாம்புக் கல் இருக்கிறது, அங்கே அது லேசில் தீராது. எங்கள் கேத்தலில் வெள்ளைப் படிவு பிடித்ததே இல்லை, அவ்வளவு மெல்லிய தண்ணீர். கார்பனேட் தீர்ந்ததும் பிஎச் இறங்கும், 6க்குப் பக்கத்தில் பக்டீரியா வேலையை நிறுத்திவிடும், அமோனியா தேங்கும். புளிப்பான தண்ணீரில் அது பெரும்பாலும் அவ்வளவாக விஷமில்லாத அமோனியமாக இருப்பதால் மீன் எப்படியோ தாக்குப்பிடிக்கிறது. அதில் பாதித் தொட்டிக்கு 7.4 தண்ணீரை ஒரே அடியாக ஊற்றினால் பிஎச் ஏறும். பிஎச் ஒன்று கூடினால் விஷமான பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு கூடும். நான் சுத்தம் செய்த ஒவ்வொரு தடவையும் நடந்தது இதுதான்.

கேஎச் போத்தலைப் பிறகு வாங்கினேன். நீலம் மஞ்சளாகும் வரை சொட்டை எண்ண வேண்டும், ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி. எங்கள் தொட்டியில் முதல் சொட்டிலேயே மஞ்சள். இதை முதலில் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் புரிந்திருக்கும். நைட்ரைட் 0, நைட்ரேட் 0 என்பதை மட்டும் பார்த்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே தோன்றும், அதனால்தான் பெட்டியில் கேஎச் இல்லாததைப் பெரிய குறையாகச் சொல்கிறேன்.

சரிசெய்யும்போது அவசரப்படாதீர்கள். அமோனியா கூடியிருக்கும்போது பிஎச்சை ஏற்றினால் மிச்ச மீனும் போய்விடும். நான் தீனியைப் பாதியாக்கி, தினமும் 5 லிட்டர் மட்டும் மாற்றினேன். மூன்று வாரத்தில் அமோனியா 1க்கு இறங்கியது. அப்புறம்தான் கோழித்தீனிக் கடையில் கிடைக்கும் சிப்பி ஓட்டில் ஒரு கைப்பிடியைக் கழுவி, வலைப்பையில் கட்டி பில்டருக்குப் பக்கத்தில் போட்டேன். அது மெதுவாகக் கரைவதால் பிஎச் திடீரென்று ஏறாது. ஸ்பொஞ்சை இப்போது தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுகிறேன். இப்போது அமோனியா 0, நைட்ரேட் 20, பிஎச் 7.2, கேஎச் 4. ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு வயசான கப்பி மட்டும்தான் போனது.

தண்ணீரில் முக்கி நிறம் பார்க்கும் காகிதப் பட்டியும் வாங்கிப் பார்த்தேன். அதில் அமோனியா பார்க்கவே முடியாது, நம்ம ஊர் ஈரத்தில் டப்பாவைத் திறந்து கொஞ்ச நாளில் நிறமும் மங்கிவிட்டது. ஏபிஐ பெட்டியிலும் குளோரின், செம்பு, ஒக்சிஜன் எதுவும் தெரியாது. அறைக்குள் அடித்த கொசு மருந்தை ஏர் பம்ப் இழுத்துத் தண்ணீரில் கலந்து மீன் செத்தாலும் அமோனியாவும் நைட்ரைட்டும் 0 என்றுதான் காட்டும். இன்னொன்று, இந்தச் சொட்டு மருந்துகள் விஷம். பார்த்து முடித்த தண்ணீரைத் தொட்டியில் திருப்பி ஊற்றாதீர்கள், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பெட்டியில் 800க்கு மேல் சோதனை பார்க்கலாம் என்று போட்டிருக்கிறது, ஒரு வீட்டுக்கு அவ்வளவு தேவைப்படாது, நாலு வீடு சேர்ந்து வாங்கினால் காசு தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் ஜாம் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார். பிஎச் 6.8, அமோனியா 0, நைட்ரைட் 0, ஆனால் மீன் சாகிறது. "ஹீட்டர் இருக்கா அக்கா?" என்றேன், இல்லை என்றார். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்த் தெர்மோமீட்டரை விட்டுப் பார்த்தோம். 17 டிகிரி.