மட்டக்களப்புக்குப் போய் குடிக்காமத் திரும்பி வந்தன்

நான் குடியை விட்டு நாலு வருசமும் ரெண்டு மாசமும். ரொறன்ரோவுல கிழமைக்கு மூண்டு ஏஏ (அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், குடியை விட நினைக்கிற ஆக்கள் கூடிக் கதைக்கிற அமைப்பு) மீற்றிங் போற ஆள், அது இல்லாம ஊர்ல ஒரு மாசம் எப்பிடி நிக்கிறதெண்டு டிக்கெட் போட்ட நாள்ல இருந்தே பயம், ஏனெண்டா போன முறை கட்டுநாயக்காவுலயே ரெண்டு போத்தல் வாங்கிக்கொண்டு இறங்கினவன், அந்த ஒரு மாசம் அம்மாவோட இருந்து ஒரு நேரம் ஒழுங்காச் சாப்பிட்ட ஞாபகம் இல்ல. இந்த முறை மாமாங்கத்துத் தீர்த்தத்துக்கு, ஆடி அமாவாசைக்குப் போனன். என்னைப் போல போற ஆக்களுக்கு உதவும் எண்டுதான் எழுதுறன்.

போறத்துக்கு முதலே கூட்டம் தேடினன். இலங்கையில ஏஏ இருக்கு, ஆனா எனக்குப் பிடிபட்டதெல்லாம் கொழும்புப் பக்கம், மட்டக்களப்பில உதயதேவி ரயில் ஏறினா ஒரு பகலே போயிரும், கிழமைக் கிழமை போற தூரமில்ல. என்ட ஸ்பொன்சர், ஏஏயில எனக்கு முதலே குடியை விட்டு எனக்கு வழிகாட்டுறவர், சொன்னார், வியாழக்கிழமைக் குறூப்பை மட்டும் விட்டிராத எண்டு. ரொறன்ரோவுல வியாழன் இரவு ஏழரை, ஊர்ல வெள்ளி விடிய அஞ்சு மணி. கல்லடியில மாமி வீட்டுக் கிணத்தடியில போனைச் சாய்ச்சு வச்சு சூம்ல இருந்தன், கடல் இரைச்சல் அவங்களுக்கும் கேட்டிருக்கு. நாலு கிழமையும் விடல்ல.

ஆனா அது காணாது. முதல் கிழமையே மூண்டு பார்ட்டி. "வெளிநாட்டால வந்திருக்காய், ஒரு போத்தலும் இல்லையாகா?" எண்டு சித்தப்பா கேட்டார். முதல்ல டொக்டர் வேணாமெண்டவர் எண்டு சொன்னன், ரெண்டாவது வீட்டுல உண்மையச் சொல்லிட்டன், நான் குடிச்சா நிப்பாட்டத் தெரியாத ஆள் சித்தப்பா, அதால முதல் கிளாஸே தொடுறதில்ல எண்டு. எல்லாரும் கொஞ்ச நேரம் கதைக்கல்ல. மறுகா அண்டு பின்னேரமே மச்சானுட பொஞ்சாதி தனியா வந்து, தன்ட தம்பி ஓட்டோ ஓடுறவன், ஏழு மாசமாக் குடிக்கிறல்ல, ஆசுப்பத்திரி மூலம் ஒரு கூட்டத்துக்குப் போறான், உங்களைக் கூட்டிப் போகச் சொல்லவா அண்ணன் எண்டு கேட்டா. மறைச்சிருந்தா எனக்கு இது கிடைச்சிருக்காது.

அந்தத் தம்பியோட முதல்ல ஆசுப்பத்திரி மனநலப் பிரிவுக்குத்தான் போனன். சனம் அதை விசர் வாட்டு எண்டுதான் சொல்லும், அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே எத்தனையோ பேர் படியேறுறல்ல. காசு ஒரு சதம் இல்ல, துண்டு எடுத்திட்டு இருந்தாச் சரி. அங்க இருந்த டொக்டரம்மா சொன்னதைக் கட்டாயம் எழுதோணும்: வருசக்கணக்கா நாளும் பொழுதும் குடிச்சவர் வீட்டுல திடீரெண்டு நிப்பாட்டப்படாது. கை நடுங்கும், வலிப்பு வரும், ரெண்டு மூண்டு நாள்ல ஆளே தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உசிருக்கே ஆபத்து. வாட்டுல வச்சு மருந்தும் தயமின் விற்றமினும் குடுத்துத்தான் குடியை நிப்பாட்டுவாங்களாம். எங்கட ஊர்ல கோயிலுக்கு நேர்த்தி வச்சு, காப்புக் கட்டினதும் ஒரேயடியா நிப்பாட்டுறவங்க நிறைய. அந்த மனசு பெரிசுதான், ஆனா டொக்டரையும் ஒருக்காக் கேளுங்க. போக வெக்கமெண்டா தேசிய மனநல நிறுவனத்துட 1926 இருக்கு, தமிழ்லயே கதைக்கலாம்.

கூட்டம் ஞாயிறு பின்னேரம் நாலு மணி, ஒரு பாலர் பாடசாலையில. பதினொரு பேர், சுவர்ல ஆனா ஆவன்னாப் படம், பிளாஸ்ரிக் கதிரை, இஞ்சி போட்ட பிளேன்டீ. ரொறன்ரோவுல முதல் பேரோட முடிஞ்சிரும், ஆரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க. அங்க இருந்ததும் முதல் கேள்வி, "தம்பி ஆர்ர மகன்?"

சொன்னன். முன்னால இருந்தவர் ஆத்துல இருந்து நேர வந்தவர், முழங்கையில மீன் செதிள் ஒட்டியிருக்கு. கொஞ்ச நேரம் என்னையே பாத்திட்டு, "உன்ட அப்பாவோட தவறணையில இருந்திருக்கன் மகன்" எண்டார். அப்பா ஈரல் பழுதாகி அம்பத்தி மூண்டு வயசுல போனவர். என்னைக் கதைக்கச் சொன்னாங்க. நான் ஒரு குடிகாரன் எண்டு நாலு வருசமா மீற்றிங்ல இங்கிலீசுல சொல்லிப் பழகின வசனம், தமிழ்ல ஒரு நாளும் சொன்னதில்ல. குடிகாரன் எண்டது எங்கட அம்மா முத்தத்துல நிண்டு அப்பாவுக்குக் கத்துற சொல். வாயால வரல்ல. "ஆறுதலாச் சொல்லு, அவசரமில்ல" எண்டு தேத்தண்ணியை என்ட பக்கம் தள்ளி வச்சார் அவர். சொன்னன்.

குடியை விடுறத்துக்கு ஏஏயில இருக்கிற பன்னிரண்டு படி எண்டு அங்க ஒண்டும் இல்ல, அதால ஏஏ எப்பிடித் தொடங்கினதெண்டு கேட்டாங்க. 1935ல பில் எண்டவர் தொழில் விசயமா அக்ரன் எண்ட ஊருக்குப் போய், காரியம் பிழைச்சு, ஹொட்டல்ல தனிய நிக்கிறார், பக்கத்துல பார். குடிச்சிருவன் எண்ட பயத்துல சேர்ச்சுகளுக்குப் போன் அடிச்சு, தன்னைப் போல ஒரு குடிகாரனோட கதைக்கோணும் எண்டு கேட்டிருக்கார். அப்பிடிக் கிடைச்சவர்தான் டொக்டர் பொப். சந்தாக் கட்டுற வேலை இல்ல, குடியை விட விருப்பம் இருந்தாக் காணும். "அப்ப ரெண்டு பேரே காணுமே" எண்டார் ஒருத்தர்.

ஓட்டோத் தம்பி சீட்டுக்குக் கீழ ஒரு சீஆர் கொப்பி வச்சிருக்கான். ஒவ்வொரு நாளும் திகதி, குடிக்காததால மிஞ்சின காசு, பக்கத்துல பொஞ்சாதிட கையெழுத்து. பொஞ்சாதிமாரும் அம்மாமாரும் கூட்டம் முடியும்வரை வெளிய மரத்துக்குக் கீழதான் நிண்டாங்க. அவங்களுக்கும் ஒரு கூட்டம் வேணும், அல்அனோன் எண்டு வெளிநாட்டுல இருக்கிற மாதிரி. இதை டொக்டரம்மாட்டயும் சொல்லிட்டு வந்திருக்கன்.

இப்ப ஞாயிறு விடிய ஆறரைக்கு எனக்கு வட்ஸ்அப் கோல் வரும். போனைக் கதிரையில வச்சு வட்டத்துக்குள்ள சேர்த்திருவாங்க. நவம்பர்ல இஞ்ச மணி மாறினா அது அஞ்சரை.