7 வருஷம், 2 ஊர் தண்ணி, ஒரே டிஷ்வாஷர்

2018 ஆகஸ்ட்ல கோயம்புத்தூர்ல வாங்குனதுங்க. 12 பேர் சாப்பிட்ட தட்டு டம்ளர் கொள்ளுற சைஸ், ஏழு வருஷம் தாண்டியும் எங்க வீட்டுல தினம் ராத்திரி ஒரு தடவை ஓடிட்டு இருக்கு. முதல் மூணு வருஷம் கோவைல, அதுக்கப்புறம் சென்னை மேடவாக்கத்துல. மெஷின் அதே, வீட்டு ஆளுங்க அதே, சமையலும் அதே, மாறுனது தண்ணி மட்டும்தான், ஆனா அது ஒண்ணு மாறுனதுல எல்லாமே மாறிப்போச்சு. வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களும், வாங்கிட்டு "நல்லா கழுவ மாட்டேங்குது"ன்னு துணி போட்டு மூடி வச்சிருக்கிறவங்களும் படிக்கணும்னுதான் இவ்வளவு விலாவாரியா எழுதறேன். பிராண்ட் பேரு சொல்லல, ஏன்னா எனக்கு வந்த பிரச்சினை முக்காவாசி எந்த மெஷினா இருந்தாலும் வந்திருக்கும்.

கோவைல எங்க ஏரியாவுக்கு சிறுவாணித் தண்ணி. டி.டி.எஸ் மீட்டர் வச்சா 60 கூட காட்டாது, அந்த தண்ணியில சோப்பு போட்டா நுரை போகவே நேரம் ஆகும். மெஷின மாட்ட வந்தவர் தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டு "சார், உங்களுக்கு உப்பே தேவைப்படாது"ன்னு சாஃப்ட்னரோட, அதாவது உப்ப வச்சு தண்ணியில இருக்குற சுண்ணாம்ப எடுக்குற பாகத்தோட, செட்டிங்க சைபர்ல வச்சிட்டு போனார். மூணு வருஷம் பவுடர், தண்ணித் தடம் இல்லாம காயறதுக்கு ஊத்துற ரின்ஸ் எய்ட், வாரம் ஒரு தடவை ஃபில்டர் கழுவுறது, அவ்வளவுதான். 2020 லாக்டவுன்ல எல்லாரும் வீட்டுலயே இருந்தப்போ ஒரு நாளைக்கு மூணு தடவை கூட ஓட்டுனோம், ஒரு மக்கர் இல்ல.

2021 ஜூன்ல சென்னைக்கு மாறுனோம். மேடவாக்கத்துல அப்பார்ட்மென்ட், போர் தண்ணி, கோடைல லாரித் தண்ணி. இங்க மெஷின மாட்டிக்கொடுத்த பையன் பைப்ப இணைச்சு ஒரு தடவை ஓட்டிக் காட்டிட்டு கிளம்பிட்டான், சாஃப்ட்னர் செட்டிங் பத்தி அவனும் கேக்கல எனக்கும் தோணல. ரெண்டே மாசத்துல கண்ணாடி டம்ளர் எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு, எவர்சில்வர் தட்டுல திட்டுத்திட்டா வெள்ளை. நான் பவுடர் சரியில்லன்னு பவுடர மாத்துனேன், பவுடருக்குப் பதிலா போடற மாத்திரை வாங்குனேன், ரின்ஸ் எய்ட கூட்டுனேன், எட்டு மாசம் இப்படியே ஓட்டுனேன். அந்த எட்டு மாசத்துக்கான விலைய பின்னாடி கொடுத்தேன், அதையும் சொல்றேன்.

கடைசியில ஒரு சின்ன சோதனைதான் வழி காட்டுச்சு. வெள்ளையா இருந்த டம்ளர்ல பாதிய எலுமிச்சம்பழத் தோலால தேச்சேன், தேச்ச பாதி பளிச்சுன்னு ஆயிடுச்சு. உங்க வீட்டு டம்ளர் வெளுத்துப் போயிருந்தா முதல்ல இத செய்யுங்க. புளிப்புக்கு போச்சுன்னா அது தண்ணியில இருந்து படிஞ்சது, காப்பாத்திடலாம். போகலைன்னா கண்ணாடியே அரிச்சிருக்கு, அது திரும்ப வராது. வானவில் மாதிரி நீலமா ஒரு சாயல் தெரிஞ்சா ரின்ஸ் எய்ட் ஜாஸ்தி, குறைக்கணும்.

அப்புறம் தண்ணியோட கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்பு எவ்வளவு இருக்குன்னு பார்க்குற கிட் ஒண்ணு வாங்குனேன். சொட்டு சொட்டா விடணும், சிவப்பு நீலமா மாறுற வரைக்கும் எத்தனை சொட்டுன்னு எண்ணணும். எங்க போர் தண்ணி 550 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 550 மில்லிகிராம். குடிதண்ணிக்கான இந்திய தர அளவுல 200 வரைக்கும் நல்லது, வேற தண்ணி கிடைக்கலைன்னா 600 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு இருக்கு, நாங்க அந்த விளிம்புல இருக்கோம். மெஷின் மேனுவல்ல ஜெர்மன் டிகிரின்னு போட்டிருப்பாங்க, உங்க பிபிஎம்ம 17.8 ஆல வகுத்தா அது வந்துடும், எங்களுக்கு கிட்டத்தட்ட 31. ஆர்.ஓ-க்காக வாங்குன டி.டி.எஸ் மீட்டர் வீட்டுல இருக்கேன்னு அத வச்சு முடிவு பண்ணாதீங்க, அது தண்ணியில கரைஞ்சிருக்குற எல்லாத்தையும் மொத்தமா காட்டும், டிஷ்வாஷருக்கு வேண்டியது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவுங்குறது மட்டும்தான்.

நான் முதல் தடவை உப்பு பாக்கெட்ட பிரிச்சு அடியில இருக்குற மூடியத் திறந்து கொட்டும்போது அம்மா பக்கத்துல நின்னு, "ஏங்கண்ணு, தண்ணியே உப்புத் தண்ணிங்கற, அதுல இன்னும் உப்ப கொட்டறியே?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விங்க, பல பேர் உப்பே போடாம இருக்குறதுக்கு காரணம் இந்த சந்தேகம்தான். நாம உப்புத் தண்ணின்னு சொல்றது பெரும்பாலும் சுண்ணாம்புத் தண்ணிய. மெஷினுக்கு அடியில சின்னச் சின்ன மணியா ரெசின்னு ஒண்ணு இருக்கு, அது வர்ற தண்ணியில இருந்து கால்சியம் மெக்னீசியத்த பிடிச்சு வச்சிக்கிட்டு பதிலுக்கு சோடியத்த விடும். கொஞ்ச நாள்ல மணியெல்லாம் நிரம்பிடும், அப்போ அடர்த்தியான உப்புக் கரைசல் அது வழியா ஓடுனா பிடிச்சு வச்சிருந்த சுண்ணாம்பெல்லாம் கழண்டு டிரெயின்ல போயிடும், ரெசின் மறுபடி புதுசு மாதிரி ஆயிடும். ஆக உப்பு பாத்திரத்துக்கு இல்ல, ரெசினுக்கு. செட்டிங் சைபர்ல இருந்தா இந்த வேலையே நடக்காது, நீங்க மூட்டை மூட்டையா உப்பு போட்டாலும் அது அப்படியே கிடக்கும். என் மெஷின்லயும் கோவைல வச்ச சைபர்தான் அப்படியே இருந்துச்சு, அத மாத்துனேன். மாத்திரைக்குள்ளயே உப்பு இருக்குன்னு அட்டையில போட்டிருப்பாங்க, இந்த அளவு தண்ணிக்கு அது பத்தாது.

டிஷ்வாஷருக்குன்னு விக்கிற உப்புதான் போடறேன். டேபிள் சால்ட்ல கட்டி பிடிக்காம இருக்க வேற பொருள் சேர்ப்பாங்க, அது அடைச்சிக்கும், கல்லுப்புல மண் இருக்கும். எங்க தண்ணிக்கு ஒரு கிலோ மூணு வாரம் வருது. போடும்போது வெளிய சிந்துனத துடைச்சிட்டு உடனே ஒரு தடவை ஓட்டிடணும், உப்புத் தண்ணி அப்படியே நின்னா எவர்சில்வர் அடித்தட்டுல புள்ளிப் புள்ளியா துரு பிடிக்கும்.

இப்போ நம்ம சமையலால வர்ற சமாச்சாரம். கடுகு. சோத்துப் பருக்கையும் கறிவேப்பிலையும் ஃபில்டர்லயே நின்னுடும், கழுவிடலாம். ஃபில்டர கழுவிட்டு திரும்ப மாட்டும்போது முழுசா திருகி லாக் பண்ணலைன்னா இடுக்கு வழியா கடுகு போய் தண்ணிய பீய்ச்சிக்கிட்டு சுத்துற கைக்குள்ள ஏறிக்கும், அந்தக் கையில இருக்குற ஓட்டையும் கடுகும் ஏறக்குறைய ஒரே சைஸ். மேல் தட்டு டம்ளர் மட்டும் அழுக்கா வருதுன்னா மேல் கைய கழட்டி காதுகிட்ட ஆட்டிப் பாருங்க, கிலுகிலுன்னு சத்தம் கேக்கும். குழாய்த் தண்ணிய வேகமா விட்டு, பல்குச்சியால ஒவ்வொரு ஓட்டையா குத்தி எடுத்தா சரியாயிடும். பாத்திரத்த முன்னாடியே கழுவி வைக்க வேணாம், பவுடர்ல இருக்குற என்சைம் மாவையும் பருப்பையும் தின்னுடும், ஆனா மிச்சம் மீதிய வழிச்சு குப்பையில போடணும், இதுல சோம்பல் படக்கூடாது.

2022 தீபாவளிக்கு முந்தின நாள் அடியில தண்ணி தேங்கி நின்னுடுச்சு, உம்ம்னு ஒரு உறுமல் சத்தம். சர்வீஸுக்கு போன் பண்ணேன், வந்து பார்க்காமயே "டிரெயின் பம்ப் போயிருக்கும் சார், 3,800 ஆகும், லீவு முடிஞ்சுதான் வருவோம்"னாங்க. மேனுவல எடுத்துப் படிச்சா, பம்ப் மூடிய நாமளே கழட்டலாம்னு படம் போட்டே இருக்கு. பிளக்க பிடுங்கிட்டு, தண்ணிய ஸ்பாஞ்சால ஒத்தி எடுத்துட்டு, ஃபில்டர கழட்டி, ஸ்பூன் காம்பால நெம்புனா வெள்ளை மூடி கையோட வந்துச்சு. உள்ள விசிறி மாதிரி சின்ன சக்கரம், அது இடுக்குல ஒரு புளியங்கொட்டை. எடுத்ததும் சக்கரம் விரலுக்கு சுத்துச்சு, மூடிய அமுக்கி மாட்டிட்டு ஓட்டுனேன், பதினஞ்சு நிமிஷ வேலை. கையுறை போட்டுக்கோங்க, உடைஞ்ச கண்ணாடித் துண்டும் அங்கதான் போய் உக்காரும். அதே பம்ப்தான் இன்னிக்கும் ஓடுது.

இன்னொரு தடவை நாங்க ஊருக்கு போயிருந்தப்போ, வீட்டப் பார்த்துக்கிட்ட சொந்தக்காரப் பையன் பவுடர் தீர்ந்துபோச்சுன்னு சிங்க்ல இருந்த பாத்திரம் விளக்குற லிக்விட ஊத்தி ஓட்டிட்டான். டிஷ்வாஷர் பவுடர்ல நுரையே வரக்கூடாதுன்னு செஞ்சிருப்பாங்க, இது நுரைச்சு கதவு வழியா வெளிய வந்து, தொட்டிக்குக் கீழ இருக்குற அடித்தட்டுல இறங்கிடுச்சு. அந்தத் தட்டுல ஒரு மிதவை ஸ்விட்ச் இருக்கும், அங்க தண்ணி தேங்குனா லீக்னு நினைச்சு மெஷின் வேற எதுவும் செய்யாம டிரெயின் பம்ப மட்டும் ஓட்டிக்கிட்டே இருக்கும். நான் பிளக்க எடுத்து, குழாய மூடி, முன்னாடி கீழ்ப் பலகைய கழட்டி, எட்டுன வரைக்கும் துணியால ஒத்தி எடுத்தேன், ராத்திரி முழுக்க டேபிள் ஃபேன அதுக்கு நேரா வச்சேன். காலையில ஒழுங்கா ஸ்டார்ட் ஆச்சு. எலக்ட்ரானிக் போர்டு போச்சுன்னு யாராவது சொன்னா முதல்ல அடியில ஈரம் இருக்கான்னு பாருங்க.

மொட்டை மாடிக்கு அடுத்த கீழ் வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. எங்க மெஷினுக்கு குறைஞ்சது அரை பார் பிரஷர் வேணும், அதாவது டேங்க் தண்ணி மட்டம் மெஷினுக்கு 5 மீட்டர் மேல இருக்கணும். எங்க டேங்க் தலைக்கு மேலயே இருக்கு, அதனால தண்ணி வரலைன்னு அடிக்கடி நிக்கும். பாத்ரூமுக்குன்னு சின்ன பிரஷர் பம்ப் போட்டதும் இதுவும் சரியாச்சு. ஆனா லாரித் தண்ணி ஏறுன வாரம் மறுபடி நின்னுச்சுன்னா அது பிரஷர் இல்ல, குழாய்ல மாட்டுற ஹோஸ் முனையில இருக்குற சல்லடையில மணல். பழைய டூத் பிரஷ் போதும்.

இப்போ அந்த எட்டு மாசக் கணக்கு. போன வருஷம், ஆறாவது வருஷத்துல, பாத்திரம் சில்லுன்னு ஈரமா வர ஆரம்பிச்சுது, பவுடர் டப்பாவுலயே கட்டியா நின்னுச்சு. தண்ணி சுடவே இல்ல. இந்த மாடல்ல ஹீட்டரும் தண்ணிய சுத்த விடுற பம்பும் ஒரே உருப்படி, சேர்த்துதான் மாத்தணும், கூலியோட 9,500 ஆச்சு. பிரிச்சவர் பழச கையில கொடுத்தார், உள்ள முட்டை ஓடு மாதிரி வெள்ளையா அப்பியிருந்துச்சு. "சாஃப்ட்னர் போடாம ஓட்டுனீங்களா சார்?"னுதான் முதல்ல கேட்டார். அவர் சொல்லித்தான் மாசம் ஒரு தடவை 100 கிராம் சிட்ரிக் ஆசிட், நம்ம எலுமிச்சை உப்புதான், காலி மெஷின்ல போட்டு சூடான புரோகிராம்ல ஓட்டறேன், பவுடரோட சேர்க்காம தனியா.

எதப் போடக்கூடாதுன்னு அம்மாவோட போசிகள்ல, அதாவது பாத்திரங்கள்ல, பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். இண்டாலியம் வாணலி ஒரே தடவையில கரி மாதிரி கறுத்துடுச்சு, அலுமினியத்துக்கு இந்தப் பவுடரோட காரத்தன்மை ஆகாது, கல்யாணத்துக்கு வந்த வாணலின்னு அம்மா ரெண்டு நாள் பேசல, எனக்கும் இன்னும் வருத்தம்தான். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு, இரும்பு தோசைக்கல், பித்தளை, மரக் கரண்டி எதுவும் உள்ள போகாது. மிக்ஸி ஜாரும் கையாலதான், அடியில இருக்குற பேரிங்ல தண்ணி இறங்குது. எவர்சில்வர் குக்கர் போடலாம், மூடியில கேஸ்கெட்டயும் வெயிட்டையும் எடுத்துட்டு, கழுவுன பிறகு ஆவி வர்ற ஓட்டைய வெளிச்சத்துல பிடிச்சு அடைப்பு இல்லையான்னு பார்த்தே ஆகணும், உசுரு சம்பந்தப்பட்ட விஷயம். பிளாஸ்டிக் டப்பால மஞ்சள் கறை இதுல போகாது, ஒரு நாள் வெயில்ல வச்சா தானா வெளுத்துடும்.

ஒரு தடவை ஓட்டுனா சுமார் 10 லிட்டர் தண்ணி, ஒரு யூனிட் கரண்ட் பக்கம் ஆகுது, லாரிக்கு காத்திருக்கிற மாசங்கள்ல அந்த 10 லிட்டரோட அருமை தெரியும். ஏழு வருஷத்துல ரிப்பேர் செலவு ஹீட்டர் ஒண்ணுதான் பெருசு, கீழ் ட்ரேயோட ரெண்டு சக்கரம் உடைஞ்சு 600 ரூபாய்க்கு மாத்துனேன்.

போன வாரம் லாரித் தண்ணி வந்தது, மறுபடி சொட்டு எண்ணிப் பார்த்தேன், 620. செட்டிங்க ஒரு படி கூட்டியிருக்கேன், உப்பு அரை பாக்கெட்தான் இருக்கு, நாளைக்கு வாங்கணும்.