வேர்ட்டா, றைட்டரா? தமிழில் நீளமாக எழுதுபவருக்கு எது தோது

நேராகவே சொல்லிவிடுகிறேன். கோயில் மலர், சங்கத்து யாப்பு (விதிக்கோவை), ஆண்டறிக்கை, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் எழுதும் ஆய்வறிக்கை என்று பத்துப் பக்கத்தைத் தாண்டுகிற எதையும் யுனிகோட் தமிழில் அடிக்கிறவருக்கு மைக்ரோசொப்ட் வேர்ட்டை விட லிப்ரே ஒபிஸ் றைட்டர்தான் தோது. ஒரு பக்கக் கடிதம், அல்லது வேறு நாலு பேர் கை வைத்துத் திருத்தப் போகிற கோப்பு என்றால் வேர்ட். அவசரக்காரர் இத்தோடு போகலாம், மற்றவர்களுக்குக் காரணம் கீழே.

முதலில் காசு. றைட்டர் நேற்று முளைத்த சாமான் இல்லை. ஜெர்மனியில் ஸ்டார் ஒபிஸாகத் தொடங்கி, 1999இல் சன் நிறுவனத்திடம் போய், ஓபன் ஒபிஸாகி, சன்னை ஒராக்கிள் வாங்கிய 2010இல் ஓபன் ஒபிஸில் வேலை செய்தவர்களில் பலர் பிரிந்து வந்து லிப்ரே ஒபிஸ் என்று தனியாகத் தொடங்கினார்கள். முழுக்க இலவசம், எத்தனை கொம்பியூட்டரிலும் போடலாம், ஒரு உரிமக் கீயும் தேவையில்லை. கொம்பியூட்டரில் போடும் வேர்ட்டுக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும், இல்லையென்றால் ஒரே தடவையாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2022இல் இலங்கை ரூபாய் விழுந்த பிறகு டொலர்க் கணக்கில் விலை போட்ட எதுவும் எங்கள் கைக்கு எட்டுவது கஷ்டம். "என்னிடம் வேர்ட் சும்மாவே இருக்கிறதே" என்கிறவர்கள் பலரிடம் இருப்பது விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் கூடவே போட்டுவிட்ட கிராக், அதாவது காசு கட்டாமல் பூட்டு உடைத்த பிரதி. அது ஒரு நாள் உரிமம் இல்லை என்று மேலே பட்டி காட்டி, வாசிக்க மட்டும் விட்டு எழுதவிடாமல் நிற்கும். அந்த நாள் அநேகமாக மலர் அச்சுக்குப் போகிற கிழமையாகத்தான் இருக்கும்.

சரி, தமிழுக்கு வருவோம். றைட்டரில் மொழி அமைப்புக்குள் போய் 'கொம்ப்ளெக்ஸ் ரெக்ஸ்ட் லேஅவுட்' என்பதில் சரி போட்டுத் தமிழைத் தெரிவு செய்தால், ஒவ்வொரு ஸ்டைலிலும் (பெயர் வைத்துச் சேமிக்கும் அமைப்பு) ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு ஒரு எழுத்துரு என்று தனித்தனியாகக் கேட்கும், அளவும் தனித்தனி. லதா என்ற தமிழ் எழுத்துரு அதே அளவில் ஆங்கிலத்தை விடப் பெரிதாகத் தெரியும், அதனால் தமிழுக்கு 11, ஆங்கிலத்துக்கு 12 என்று ஒரு தடவை வைத்துவிட்டால் நூறு பக்கத்துக்கும் அது ஒழுங்காகப் போகும். வேர்ட்டிலும் இந்தப் பிரிப்பு இருக்கிறது, ஆனால் எழுத்துருப் பெட்டியைத் திறந்து உள்ளே தேடினால்தான் கண்ணில் படும், அதனால் இங்கே அநேகம் பேர் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாகத் தெரிவு செய்து மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குறை: அம்பாறைப் பக்கம் மூன்று மொழியிலும் கடிதம் அடிக்கிறவர்களுக்கு இது பாதிதான் உதவும், ஏனென்றால் சிங்களமும் தமிழும் ஒரே பெட்டிக்குள் வரும். சிங்களத்துக்கென்று வேறொரு ஸ்டைல் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

றைட்டரில் எனக்குப் பிடித்த இன்னொன்று, நீளமான சொற்களை அது ஞாபகம் வைத்துக்கொள்வது. 'களுவாஞ்சிகுடி', 'உத்தியோகத்தர்', 'ஒருங்கிணைப்பாளர்' போன்ற சொற்களை அந்தக் கோப்பில் ஒரு தடவை அடித்துவிட்டால், அடுத்த தடவை முதல் சில எழுத்திலேயே மீதி தானாக வந்து நிற்கும், என்டரைத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும். புது வரிக்குப் போக என்டர் தட்டும்போதும் சிலநேரம் ஒட்டிக்கொண்டு எரிச்சல் ஏற்றும், அது வேறு கதை.

யுனிகோட் இல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடிக்கிற ஆட்களுக்கு இதெல்லாம் உதவாது. நகரத்து அச்சகங்களிலும் கொமினிகேசன் கடைகளிலும் பாமினி இன்னும் உயிரோடு இருக்கிறது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான்: சின்ன ஜே அடித்தால் 'த', பெரிய ஜே அடித்தால் 'து'. வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தன்னியக்கத் திருத்தம் வேலை செய்தால் 'தமிழ்' என்று தொடங்கிய வசனம் 'துமிழ்' ஆகிவிடும். இரண்டு மென்பொருளிலும் இதே கூத்துத்தான், இரண்டிலும் அந்தத் திருத்தத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும். கடையில் இருக்கிற வேர்ட்டில் அதை எப்போதோ நிறுத்தியிருப்பார்கள் என்பதால் பாமினிக்காரர் அங்கேயே இருப்பது நிம்மதி.

பக்க அமைப்பில்தான் றைட்டர் உண்மையில் வெல்கிறது. ஒரு கோயில் மலரை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைக்கு இலக்கம் வேண்டாம், வாழ்த்துரைகளுக்கு ரோம இலக்கம், கட்டுரைகள் 1இலிருந்து தொடங்க வேண்டும், நடுவில் வரவு செலவு அட்டவணை மட்டும் பக்கம் படுக்கையாக. றைட்டரில் இவை ஒவ்வொன்றும் ஒரு பக்க ஸ்டைல். எஃப் 11 ஐ அழுத்தினால் பட்டியல் பக்கத்திலேயே வந்து நிற்கும், அட்டைக்கு ஒன்று, வாழ்த்துரைக்கு ஒன்று என்று ஒரு தடவை செய்து வைத்தால் அடுத்த வருட மலருக்கும் அதே கோப்பு போதும். வேர்ட்டில் இதற்குச் செக்சன் பிரேக் (பகுதி பிரிக்கும் குறி) போட வேண்டும், படுக்கைப் பக்கத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அப்புறம் தலைப்பு வரி முந்திய பகுதியோடு இணைந்திருப்பதை அவிழ்க்க வேண்டும், இடையில் யாராவது தெரியாமல் அந்த முன்னால் உள்ள பிரேக்கை அழித்தால் மேலே இருந்த பக்கங்களெல்லாம் சேர்ந்து படுத்துவிடும். வேர்ட்டில் கைதேர்ந்தவர் சமாளிப்பார். சங்கச் செயலாளர் எல்லோரும் அப்படியா?

முடித்த வேலையை அச்சகத்துக்குப் பிடிஎப் ஆகக் கொடுப்பதுதான் புத்தி. இரண்டிலுமே அது முடியும், ஆனால் றைட்டரில் ஏற்றுமதி செய்யும்போது 'ஹைபிரிட்' என்ற இடத்தில் சரி போட்டால் மூலக் கோப்பும் அந்தப் பிடிஎப்புக்குள்ளேயே போய் உட்காரும். அச்சகத்தார் வழக்கம்போல் திறந்து அச்சிடுவார், நீங்கள் அதையே லிப்ரே ஒபிஸில் திறந்து திருத்தலாம். பென்டிரைவில் ஒரு கோப்பு போதும்.

இனி வேர்ட்டின் பக்கம். வலயக் கல்வி அலுவலகமோ பிரதேச செயலகமோ, ஒரு படிவத்தை நிரப்பித் திருப்பி அனுப்பச் சொன்னால் அது பெரும்பாலும் வேர்ட் கோப்பு, அதை றைட்டரில் திறந்து சேமித்தால் சாதாரணப் பந்திகளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ரெக்ஸ்ட் பொக்ஸ், அம்புக்குறி, ஒன்றுக்குள் ஒன்று வைத்த அட்டவணை எல்லாம் இடம் மாறலாம். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு இது பெரிய தலையிடி, படமும் சமன்பாடும் நிறைந்த தாளை இரண்டு மென்பொருளுக்கும் இடையே கொண்டு திரியக்கூடாது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள லப்டொப்பில் றைட்டர் முதல் தடவை திறக்க எடுக்கும் நேரத்தில் ஒரு பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வரலாம்.

எல்லாவற்றையும் விடக் கையில் இருக்கிற போன். வட்ஸ்அப்பில் வந்த வேர்ட் கோப்பைப் போனிலேயே வேர்ட் செயலியில் திறந்து ஒரு திகதியை மாற்றித் திருப்பி அனுப்பலாம், அதற்குக் காசும் இல்லை. லிப்ரே ஒபிஸின் ஆன்ட்ரொய்ட் செயலி கோப்பைப் பார்க்கிறதற்குத்தான். சங்கத் தலைவருக்கு றைட்டர் தனக்கென்று சேமிக்கும் ஓடிடி (.odt) கோப்பை அப்படியே அனுப்பினால் "திறக்குதில்ல தம்பி" என்று குரல்பதிவு வரும், ஆகவே அவருக்கு வேர்ட்டின் டொக்எக்ஸ் (.docx) ஆகச் சேமித்து ஒரு பிரதி அனுப்புங்கள், அவர் சொல்கிற திருத்தங்களை உங்கள் ஓடிடி கோப்பில் நீங்களே போடுங்கள்.